தலைமையாசிரியர் கையில் இருப்பவை



காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்து முதல் மணி அடித்ததும், நம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு நீள நோட்டு வகுப்பு வகுப்பாகப் போகும். இன்று விடுப்பில் இருப்பவர் யார், பயிற்சிக்குப் போனவர் யார், அவர்களுடைய வகுப்புகளுக்கு எந்தப் பாடவேளையில் யார் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சப்ஸ்டிடியூஷன் நோட்டு என்போம். பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, திருத்தலாம் என்று எடுத்துவைத்த விடைத்தாள் கட்டை மறுபடி மேசைக்குள் வைத்துவிட்டு, நமக்குப் பாடமே இல்லாத எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நடக்க வேண்டும். ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று என்னிடம் கேட்டால், தேர்ச்சி விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நோட்டின் ஒரு மாதப் பக்கங்களைப் பார்ப்பேன். யாருடைய ஓய்வுப் பாடவேளை வாரந்தோறும் பறிபோகிறது, யாருடைய பெயர் அதில் ஒருநாளும் வருவதில்லை என்பது தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

பள்ளித் தலைமை, ஆசிரியர்களின் பணி ஈடுபாட்டை எப்படிப் பாதிக்கிறது என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தலைமைப் பண்பு என்றவுடன் பயிற்சி வகுப்புகளில் கழுகு படமும் சிங்கம் படமும் போட்ட ஸ்லைடுகளைக் காட்டுவார்கள். தொலைநோக்கு, உத்வேகம், மாற்றத்தின் தூதுவர் என்று சொற்கள் வரும். கேட்டுவிட்டு வெளியே வந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் மறந்துவிடும். ஏனென்றால் கழுகுக்குக் கால அட்டவணை போடும் வேலை இல்லை. நான் இன்று பேசப்போவது அந்தக் கால அட்டவணை, நோட்டு, கூட்டம், விடுப்பு விண்ணப்பம் ஆகியவற்றைப் பற்றித்தான். ஆய்வுகளையும் சொல்கிறேன், ஆனால் இந்தச் சின்ன விஷயங்களுக்குள் வைத்தே சொல்கிறேன்.

1990-இல் வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பணி ஈடுபாடு பற்றிப் பின்னால் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அதிலிருந்துதான் கிளைத்தது. ஆய்வுக்காக அவர் பள்ளிக்கூடம் எதற்கும் போகவில்லை. கோடைக்கால முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களையும், ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை செய்தவர்களையும் கூர்ந்து பார்த்தார். ஒரே மனிதர் ஒருநாள் வேலைக்குள் முழுதாக இறங்குகிறார். இன்னொரு நாள் உடம்பை மட்டும் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். இது ஏன் என்பதுதான் அவர் கேள்வி. அவர் கண்ட விடையை நம் பேச்சில் சொன்னால் இப்படி: வேலைக்குள் இறங்குவதற்கு முன் மனம் தன்னையறியாமல் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறது. இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா? மனம்விட்டுச் செய்தால் எனக்குத் தலைகுனிவு ஏதும் வராதே? செய்வதற்கு என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறதா? பின்னால் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த ஈடுபாட்டை அளக்க ஒரு வினாத்தாளே தயாரித்தார்கள். இன்று பல நாடுகளில் ஆசிரியர்களிடம் அதைக் கொடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அந்த மதிப்பெண்ணைவிடக் கானின் மூன்று கேள்விகள் அதிகம் உதவுகின்றன.

முதல் கேள்விக்கு, அதாவது அர்த்தம் உண்டா என்பதற்கு, ஆசிரியருக்கு விடை தருபவர்கள் பிள்ளைகள். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ஆசிரியத் தொழில் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகக் காட்டினார். ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய கூலி வகுப்பறைக்குள்தான் கிடைக்கிறது. நேற்றுவரை வாய் திறக்காத பிள்ளை இன்று எழுந்து வாசித்தால் அதுதான் கூலி. இங்கே இருக்கும் ஆசிரியர்கள் யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதைத் தலைமையாசிரியர் கொடுக்கவும் முடியாது. ஆனால் மற்ற இரண்டு கேள்விகள் இருக்கின்றனவே, தலைகுனிவு வருமா, தெம்பு மிஞ்சுமா என்பவை, அவற்றுக்கான விடை பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். ஈடுபாட்டை உண்டாக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் தலையில் கட்டாதீர்கள். அதோடு வந்து சேர்கிற ஆசிரியரிடமிருந்து அதை உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உடனே ஒரு எதிர்ப்பு வரும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அவர் ஆளை நியமிப்பதில்லை. கலந்தாய்வில் யார் வருகிறாரோ அவர்தான். ஊதிய உயர்வு வருடத்துக்கு ஒருமுறை தானே ஏறுகிறது. நன்றாக நடத்தினாலும் அதேதான், நடத்தாவிட்டாலும் அதேதான். வேலையை விட்டு நீக்குவது கனவிலும் நடக்காது. இந்த எதிர்ப்புக்கு ஆதாரமும் உண்டு. 2003-இல் இந்தியாவின் 20 மாநிலங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் முதலியோர் செய்தது. நான்கில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. ஏறக்குறைய 3,000 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களில், தொடர்ந்து வராத ஆசிரியர் ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதாகச் சொன்னவர் ஒரே ஒருவர்.

அந்த ஆய்வை வைத்து ஆசிரியர்களைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017-இல் ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்துவிட்டு, காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 விழுக்காடுதான், மற்றவர்கள் முறையான விடுப்பிலோ அரசு அனுப்பிய வேலையிலோ இருந்தார்கள் என்று சொன்னது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. 2003 ஆய்வில் என் கண்ணில் பட்டது வேறு ஒன்று: சாதாரண ஆசிரியர்களைவிடத் தலைமையாசிரியர்கள்தான் அதிகமாகப் பள்ளியில் இல்லாமல் இருந்தார்கள். அதில் ஒரு பகுதி கூட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைந்ததாக இருக்கும். ஆனால் காரணம் எதுவானாலும், ஆளே இல்லாத அறை எந்தத் தலைமையையும் செய்யாது. அதே ஆய்வில், கட்டட வசதி நன்றாக இருந்த பள்ளிகளில் ஆசிரியர் வராமை குறைவாக இருந்தது. நம் ஊரில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நினைவுக்கு வருகின்றன. ஊர்க்காரர்களே பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் தன் பள்ளியை ஊர் மதிக்கிறது என்று கண்ட ஆசிரியருக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். இன்று ஒரு தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசிப் பெண் ஆசிரியர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்றைச் சரிசெய்துவிட்டால், எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் வராத நன்றியுணர்வு அந்த ஒரு தாழ்ப்பாளில் வரும்.

ஆக, தண்டிக்கக் கம்பும் இல்லை, பரிசளிக்கக் கரும்பும் இல்லை. அப்படியானால் தலைமையாசிரியர் கையில் என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது. யாருக்கு எந்த வகுப்பு என்று முடிவு செய்வது அவர். கால அட்டவணையில் கடைசிப் பாடவேளை யாருக்கு விழுகிறது என்பது அவர் கையில். நீள நோட்டு அவர் கையெழுத்தோடு போகிறது. அரை மணி நேரம் பர்மிஷன் கேட்டு வருபவரிடம் முகத்தைச் சுளிப்பதும் சுளிக்காததும் அவர் விருப்பம். ஆசிரியர் கூட்டத்தில் என்ன பேசுவது, பெற்றோர் ஒருவர் புகாரோடு வந்தால் ஆசிரியரை அந்தப் பெற்றோர் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்பதா, அவரை அனுப்பிவிட்டுக் கேட்பதா என்பதும் அவர் விருப்பம். இவையெல்லாம் எந்த அரசாணையிலும் இல்லாத அதிகாரங்கள். ஆனால் ஆசிரியரின் ஒரு நாள் இவற்றால்தான் ஆகியிருக்கிறது.

கால அட்டவணையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் பள்ளிகளில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. நன்றாகச் சொல்லித்தருபவர் என்று பெயரெடுத்தவருக்குப் பத்தாம் வகுப்பு. அப்படிப் பெயரெடுக்காதவருக்கும் புதிதாக வந்தவருக்கும் ஆறாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடிவு செய்தித்தாளில் வரும், ஆறாம் வகுப்பு முடிவு வராது, அவ்வளவுதான் காரணம். இதில் இரண்டு பேரும் கெடுகிறார்கள். பத்தாம் வகுப்புக்காரர் வருடா வருடம் மாலைச் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை வகுப்பு என்று எரிந்து தீர்கிறார். ஆறாம் வகுப்புக்காரருக்கோ, உன்னை நம்பவில்லை என்ற செய்தி ஒரு வார்த்தையும் பேசாமல் போய்ச் சேர்கிறது. நம்பப்படாத மனிதர் எதற்காகப் புதிதாக முயற்சி செய்யப்போகிறார்? பகுத்தல் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் பள்ளியின் மிகச் சிறந்த கணக்கு ஆசிரியரைக் கொண்டுவிடும் தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான்கு வருடம் கழித்துப் பத்தாம் வகுப்பில் பலன் கிடைக்கும். ஆனால் அப்போது அவர்கள் அந்தப் பள்ளியில் இருக்க மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்குக் கடைசியில் வருகிறேன்.

தெம்பு என்ற கேள்விக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவது கல்வி சார்ந்த வேலையா சாராத வேலையா என்று அதில் இல்லை. மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, சீருடை அளவு, காலணி அளவு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, உடல்நலப் பரிசோதனை விவரம், எல்லாம் ஏற வேண்டும். சர்வர் வேலை செய்யும்போது ஏற வேண்டும். இதைத் தலைமையாசிரியர் நிறுத்த முடியாது. ஆனால் எப்படிக் கைமாற்றுகிறார் என்பது அவர் கையில் இருக்கிறது.

சிலர் தபால்காரர் மாதிரி. அலுவலகத்திலிருந்து இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் "மிக மிக அவசரம்!!!" என்று வந்தால், ஒன்பது முப்பத்தொன்றுக்கு அதே மூன்று ஆச்சரியக்குறியோடு பள்ளிக் குழுவில் விழும். காலையில் விசாரித்தால், போன வாரம் கொடுத்த அதே பட்டியலை வேறு கட்டத்தில் கேட்டிருப்பார்கள். வேறு சிலர் அதைப் படிப்பார்கள். இருக்கிற விவரத்தைத் தாங்களே நிரப்புவார்கள். உண்மையிலேயே வகுப்பாசிரியரிடம் மட்டும் கிடைக்கக்கூடியது எது என்று பிரித்து, அதை மறுநாள் காலை ஒரே சீட்டில் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பள்ளியும் ஒரே நாளில் விவரம் அனுப்பியிருக்கும். உள்ளே, ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

நம் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பதரை மணிச் செய்தி வந்து விழும்போது அவர்கள் கையில் மறுநாள் காலைக்கு அரிந்துகொண்டிருக்கும் காய் இருக்கும். மாலை நாலேகாலுக்குக் கூட்டம் வைத்து ஐந்தரைக்கு முடிக்கும் தலைமையாசிரியருக்கு, நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறேகாலுக்குத்தான் என்பது தெரிந்திருக்க வேண்டும். பேருந்து நேரம் தெரிந்துவைத்திருப்பது தலைமைப் பண்பா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

இனித் தலைகுனிவு. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதில் தலைமையாசிரியரே பாதிக்கப்பட்டவர். தேர்வு முடிவுகள் வந்ததும் மாவட்ட அளவில் மீளாய்வுக் கூட்டம் நடக்கும். பள்ளி பெயரைச் சொல்லி எழுப்பி நிறுத்துவார்கள். நூறு விழுக்காடு ஏன் வரவில்லை, கணக்கில் ஏன் எழுபத்தெட்டு என்று முந்நூறு பேர் முன்னால் கேட்பார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், முப்பது வருடம் பாடம் நடத்தியவர், தலையைக் குனிந்து நிற்பார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வரும். அவர் அந்த அவமானத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் திரும்பி வருகிறார். மறுநாள் காலை அதை என்ன செய்கிறார் என்பதில்தான் அந்தப் பள்ளியின் அடுத்த ஆறு மாதம் இருக்கிறது.

பலர் அப்படியே கீழே இறக்கிவிடுவார்கள். கணக்கு ஆசிரியரை எல்லோர் முன்னாலும் எழுப்பி, தன்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை அதே குரலில் கேட்பார்கள். கணக்கு ஆசிரியர் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இறக்குவார். பிள்ளைகளுக்குக் கீழே யாரும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏழு பிள்ளைகளுக்கு இன்னும் பெருக்கல் வரவில்லை என்று சொல்வது தன் கழுத்தில் தானே கயிறு மாட்டுவது என்றாகிவிடும். எல்லாப் பதிவேட்டிலும் எல்லாப் பிள்ளைக்கும் டிக் விழும். எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியை அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து வந்த மறுநாள், கணக்கு ஆசிரியரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, "நேத்து நான் வாங்கினது இருக்கட்டும் சார், அந்தப் பதினோரு பேர் யாரு, எங்க நிக்கிறாங்க, சொல்லுங்க" என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் பெரிய பேச்சாளர் அல்லர், கோபக்காரியும்கூட. ஆனால் அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்கள்.

இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்து, சிகாகோ நகரத்து ஆரம்பப் பள்ளிகளில் பத்தாண்டுக் காலம் பார்த்தவர்கள் அந்தோனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும். அங்கே 1988-இல் வந்த சட்டம், உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களே தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கியது. ஒரே சட்டம், ஒரே நகரம். சில பள்ளிகள் மேலேறின, சில அப்படியே கிடந்தன. 2002-இல் வெளிவந்த அவர்களின் புத்தகம் சொல்வது இது: 1994-இல் ஆசிரியர்கள் ஒருவரையொருவரும் தலைமையாசிரியரையும் வலுவாக நம்பிய பள்ளிகளுக்கு, நம்பிக்கை மிகக் குறைவாக இருந்த பள்ளிகளைவிட, 1997-க்குள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறும் வாய்ப்பு மூன்று மடங்கு. மரியாதையாக நடத்துவது, சக மனிதராகக் கருதி அக்கறை காட்டுவது, தன் வேலையைத் திறமையாகச் செய்வது, சொன்னதைச் செய்வது, இந்த நான்கில்தான் நம்பிக்கை வளர்கிறதாம். திறமை இல்லாத நல்ல மனிதரையும் ஆசிரியர்கள் நம்புவதில்லை என்பதைக் கவனியுங்கள். சம்பளப் பட்டியலைத் தப்பாகப் போடும் அன்பான தலைமையாசிரியரை எத்தனை மாதம் பொறுத்துக்கொள்வீர்கள்?

வகுப்பறைக்குப் போய்ப் பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்புக்குப் போகாத தலைமையாசிரியர் மோசம், போகிறவர் நல்லவர் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் மயாமி-டேட் மாவட்டத்தில் ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் ஆகியோர் சுமார் நூறு தலைமையாசிரியர்களின் நாட்களை நேரில் பின்தொடர்ந்து, யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்று குறித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியரோடு உட்கார்ந்து அவர் பாடத்தை மெருகேற்ற உதவுவதில் செலவழித்த நேரம், பிள்ளைகளின் கற்றலுக்கு உதவியது. சும்மா வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்து நடந்த நேரமோ உதவவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தால் எதிர்த்திசையிலேயே நின்றது. குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில். எட்டிப் பார்த்தது பிறகு ஆசிரியரோடு ஒரு பேச்சாக மாறினால் ஒழிய, அது வெறும் ரோந்து.

நம்மூரில் அந்த ரோந்து ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. சன்னலுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்; உள்ளே வர மாட்டார். பாடக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் "பார்த்தேன்" என்று எழுதுவார். எதைப் பார்த்தார் என்று இருக்காது. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவர் குழுவும் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் எழுதியதை இதோடு வைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் செய்யக்கூடியவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். பிள்ளைகளின் கற்றலோடு மிக அதிகத் தொடர்பு காட்டியது இலக்கு வைப்பதோ மேற்பார்வையோ அல்ல. ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தானும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான். நம் ஒன்றியப் பயிற்சிகளில் தலைமையாசிரியர் தொடக்க உரை ஆற்றிவிட்டு, "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு, நீங்க நடத்துங்க" என்று கிளம்புவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அறையில் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அகவிலைப்படி, கலந்தாய்வு, பழைய ஓய்வூதியம், வீட்டுக் கடன். பேசட்டும், மனிதர்கள்தானே. ஆனால் பின்னத்தை எப்படிப் புரியவைத்தாய் என்று ஒருவர் ஒருவரைக் கேட்பதே இல்லை. ஜூடித் வாரன் லிட்டில் 1982-இல் ஆறு பள்ளிகளை ஒப்பிட்டு எழுதினார்: நன்றாக நடக்கும் பள்ளிகளில் ஆசிரியர்கள் பாடம் நடத்துவதைப் பற்றி அடிக்கடி, துல்லியமாகப் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கிறார்கள், சேர்ந்து தயாரிக்கிறார்கள். அந்தப் பேச்சு தானாக வராது. மாதாந்திர ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கைகளை வாசித்து ஒரு மணி நேரத்தைப் போக்குவதற்குப் பதிலாக, அவற்றைச் சுற்றறிக்கை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, அந்த ஒரு மணியை ஒரே ஒரு பாடத்துக்குக் கொடுத்தால் வரும். முதல் இரண்டு மாதம் எல்லோரும் முறைப்பார்கள். பிறகு பழகிவிடும்.

இதையெல்லாம் படிவமாக்கினால் செத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் பள்ளி மேலாண்மையைச் சீர்படுத்த ஒரு பெரிய திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டு, மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அதை ஆய்ந்தார்கள். மதிப்பீடு நடந்தது, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆசிரியர் வருகையிலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அதன் சாயலில் நாடெங்கும் விரித்தார்கள். நம் ஆசிரியர்களில் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் இந்த முடிவைச் சொல்லியிருப்பார்கள்.

தொடக்கப் பள்ளிக்கு வந்தால் கதையே வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாகத் தலைமையாசிரியர் உண்டு. நம் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள்தான் அதிகம். அங்கே தலைமையாசிரியர் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் எடுப்பார். காலைச் சிற்றுண்டியையும் மதியச் சத்துணவையும் பார்ப்பார். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் ஓடுவார். அவர் ஓடுகிற நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்க வேண்டும். அங்கே தலைமை என்பது பெரும்பாலும் ஒரே ஒரு பழக்கம்: நாளைக்கு நான் இருக்க மாட்டேன், டீச்சர், என்று முந்தின நாள் மாலையே சொல்வது. காலை ஒன்பது மணிக்கு போனில் சொல்பவரோடு பத்து வருடம் வேலை செய்தவர்களிடம் போய் ஈடுபாடு பற்றிப் பேசாதீர்கள், அடிக்க வருவார்கள்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கக் கூடாது. 2022-இல் காலியிடங்களை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று அப்போது தொகுப்பூதியம் வைத்தார்கள். அதே அறையில், அதே பாடத்தை, பல மடங்கு சம்பளம் வாங்குபவர் பக்கத்தில் உட்கார்ந்து நடத்துகிறார்கள். இந்த அநியாயத்தைத் தலைமையாசிரியர் சரிசெய்ய முடியாது. ஆனால் நீள நோட்டில் எல்லா மாற்றுப் பாடவேளையும் அவர்கள் தலையில்தானா, ஆசிரியர் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி உண்டா, ஆண்டுவிழா மேடையில் அவர்கள் பெயர் வாசிக்கப்படுகிறதா என்பதை அவர் சரிசெய்யலாம்.

தனியார் பள்ளிகளைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே முதல்வரிடம் கம்பு இருக்கிறது. நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்ல முடியும். அதனால் ஆசிரியர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், நோட்டுகளைத் திருத்துகிறார்கள், மாலை ஆறு வரை இருக்கிறார்கள். வந்து இருப்பது வேறு, மனம் இறங்குவது வேறு. ஜூன் மாதத்தில் பாதிப் புதுமுகங்களாக நிற்கும் ஆசிரியர் அறைகளைப் பார்த்தால் எது நடக்கிறது என்று தெரியும்.

இப்போது, தலைமையாசிரியரையே பார்த்துக்கொள்பவர் யார்? தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்களைப் போலவே தலைமையாசிரியர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்முறைப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் நம் தலைமையாசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளின் பட்டியலை எடுத்தால் ஓய்வூதியக் கருத்துரு தயாரிப்பது, தணிக்கைத் தடை நீக்குவது, புதிய மென்பொருளில் பட்டியல் ஏற்றுவது என்றுதான் இருக்கிறது. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவரை ஒரு நாளில் கணக்கராக்கிவிட்டு, கற்பித்தல் தலைமை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. எழுத்தர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் தலைமையாசிரியர்தான் எழுத்தர். அந்தப் பணியிடங்களை நிரப்புவது ஆசிரியர் ஈடுபாட்டுக்கு நேரடியாக உதவும் செலவு என்று நிதித் துறைக்கு யாராவது எழுதினால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

பலன் வரும்போது தலைமையாசிரியர் அந்தப் பள்ளியில் இருக்க மாட்டார் என்று முன்னே சொன்ன சிக்கல்தான் மிச்சம். பணி மூப்பின்படி பதவி உயர்வு வருகிறது. பலருக்கு அது வரும்போது ஓய்வுக்கு ஓரிரண்டு ஆண்டுதான் இருக்கும். முதல் வருடம் பள்ளியைத் தெரிந்துகொள்வதில் போகும், இரண்டாம் வருடம் ஓய்வூதியக் கோப்பில் போகும். ஆறாம் வகுப்பில் விதைத்துப் பத்தாம் வகுப்பில் அறுக்கும் கால அட்டவணையை இவர்களால் எப்படிப் போட முடியும்? ஆசிரியர்களும், இவர் போனால் அடுத்தவர் வருவார் என்று காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். மூப்பைத் தூக்கிவிட்டுத் தேர்வு வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்வில் தேறுவதற்கும் பள்ளி நடத்துவதற்கும் எனக்குத் தொடர்பு தெரியவில்லை. மூப்பு இருக்கட்டும். பணிக்காலம் குறைந்தது நான்கு ஆண்டு மிச்சம் இருப்பவர்களுக்கே தலைமைப் பதவி, மற்றவர்களுக்கு அதே ஊதியத்தோடு பாடம் நடத்தும் மூத்த பதவி என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம். முன்வரிசையில் இருக்கும் சங்க நண்பர்கள் இதற்கு ஒப்ப மாட்டார்கள், முகத்திலேயே தெரிகிறது. அவர்கள் பக்க நியாயத்தைக் கேட்க அரை மணி நேரம் ஒதுக்கும்படி தலைவரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள்.